எலிக்கு ஆறியது சரி, மனிதனுக்கு?

34 பேர். அத்தனை பேரும் கட்டுடல் படைத்த வாலிபர்கள். ஓடிப் பிழைப்பவர்கள், பந்தை உதைத்துப் பிழைப்பவர்கள். ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்து எஸ்ஸெண்டன் கிளப்புக்கு ஆடியவர்கள். 2016 ஜனவரி 12-ஆம் நாள், விளையாட்டு வழக்குகளைத் தீர்க்கும் அனைத்துலக நடுவர் மன்றம் அவர்களுக்குத் தண்டனை விதித்தது. இரண்டாண்டுக்காலத் தடை! கழித்தது போக, அந்த ஆண்டு ஆட்டப் பருவம் முழுவதும் அவர்கள் களத்திலே கால் வைக்கலாகாது.

செய்த குற்றம் என்ன? 2012-ஆம் ஆண்டுப் பருவத்திலே ஊசி போட்டுக்கொண்டனர். போட்டுக்கொள்ளச் சொன்னது யார்? கிளப்! மருந்தைத் தேர்ந்தெடுத்தது யார்? கிளப் அமர்த்திய நிபுணர். விதிக்கு உட்பட்டதுதான் என்று தைரியம் கூறியது யார்? அதே தரப்பு. ஆட்டக்காரர் செய்தது ஒப்புதல் தாளிலே கையெழுத்திட்டுக் கையை நீட்டியதுதான்.

கிளப்பும் தப்பிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2013-லேயே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அந்த ஆண்டு இறுதிச் சுற்றில் ஆடத் தடை. பயிற்சியாளருக்கு ஓராண்டு நீக்கம். ஆனால், பணம் போனால் கிளப் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளும். ஆட்டக்காரனுக்கு வயது போனால் போனதுதானே! 2012-ல் சிறந்த ஆட்டக்காரர் என்று பிரௌன்லோ பதக்கம் பெற்ற ஜோப் வாட்ஸன், அந்தக் கிளப்பின் தலைவர், பெற்ற பதக்கத்தையே திருப்பித் தரவேண்டியவரானார்.

அந்த ஊசியிலே இருந்ததாக நடுவர் மன்றம் முடிவு கட்டிய பொருளின் பெயர் தைமோசின் பீட்டா-4. ஒப்புதல் தாளிலே 'தைமோசின்' என்று மட்டுமே இருந்தது. தைமோசின் எனும் பெயரிலே ஒன்றல்ல, பல பொருள்கள் உண்டு. ஒன்று தடை செய்யப்பட்டது, மற்றொன்று அப்படியல்ல. எந்தத் தைமோசின் என்பதே பெரிய வழக்காகி, 2015 மார்ச்சில் ஆஸ்திரேலியத் தீர்ப்பாயம் ஆட்டக்காரரை விடுவிக்க, உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிலையம் மேல்முறையீடு செய்ய, இறுதியிலே தண்டனையில் முடிந்தது. தன் உடலுக்குள் சென்றது இன்னதென்று போட்டுக்கொண்டவனுக்கே தெரியாது! இதைவிடக் கொடுமை வேறு உண்டா?

பழைய கதையை இப்போது கிளறுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அன்று ஆட்டக்காரர்களுக்கு ஏற்றப்பட்டது எந்த இனத்துச் சரக்கோ, அதே இனத்துச் சரக்கு இன்று சாதாரண மனிதரைத் தேடி வருகிறது. 'பெப்டைடு சிகிச்சை' என்று அதற்குப் பெயர். முழங்கால் வலியா? பெப்டைடு! தசைநார் அறுந்ததா? பெப்டைடு! குடல் புண்ணா, செரிமானக் கோளாறா? அதற்கும் பெப்டைடு! உடற்பயிற்சிக் கூடத்திலே காதோடு காதாகச் சொல்லப்படுகிறது. கைபேசியிலே விளம்பரமாக வந்து நிற்கிறது. சிறு குப்பியிலே வெள்ளைத் தூள். அதிலே நீர் விட்டுக் கரைத்து, நீரிழிவுக்காரர் பயன்படுத்தும் மெல்லிய ஊசியால் வயிற்றுத் தோலுக்கடியில் குத்திக்கொள்ள வேண்டுமாம். குப்பியின்மேல் ஒட்டியுள்ள சீட்டிலே பொடி எழுத்தில் ஒரு வாசகம்: 'ஆய்வுக்கு மட்டும், மனிதர் பயன்படுத்துவதற்கன்று.'

எழுத்திலே இப்படி, விற்பனையிலே அப்படி! சட்டத்துக்கு ஒரு முகம், நோயாளிக்கு ஒரு முகம்.

பெப்டைடு என்றாலே பித்தலாட்டம் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. அமினோ அமிலம் எனும் மணிகளைக் கோத்த சிறு சரம்தான் பெப்டைடு. மணிகள் ஏராளமாகச் சேர்ந்து மடிந்து சுருண்டால் அதைப் புரதம் என்பர். பிரசவ அறையிலே, பிள்ளை பிறந்ததும் தாய்க்கு இரத்தப்போக்கு மிகாதிருக்கப் போடுகிறார்களே ஆக்ஸிடோஸின் ஊசி, அது 9 மணிகள் கொண்ட பெப்டைடு. 1953-ல் அதை ஆய்வுக்கூடத்திலே செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-ல் நோபல் பரிசு பெற்றார். நம் வீடுகளிலே அநேகமாக யாராவது ஒருவர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51 மணிகள் கொண்டது. எலும்பு தேய்ந்து நொறுங்கும் முதியோருக்குத் தரும் டெரிபாராடைடு 34 மணி. அமெரிக்காவிலே 2002-ல் அனுமதி பெற்றது. உயிர் காத்த பெப்டைடுகள் உண்டு. அவற்றைக் கண்டவர்களுக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது.

மணி கோக்கும் வேலை இன்று எளிது. 1963-ல் புரூஸ் மெரிஃபீல்டு என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டார். சரத்தின் ஒரு முனையைச் சிறு பிசின் உருண்டையிலே பிணைத்து வைத்து, ஒவ்வொரு மணியாகச் சேர்த்துக்கொண்டே போவது. இயந்திரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே எந்தச் சரத்தையும் எவரும் செய்து குப்பியிலே அடைத்துவிடலாம். கோத்த சரம் நோயைத் தீர்க்குமா, தீங்கு செய்யுமா என்று கண்டறிவதற்கு மட்டும் இயந்திரம் கிடையாது. அதற்குப் பொறுமை வேண்டும், பணம் வேண்டும், நேர்மை வேண்டும்.

இன்று அதிகமாகப் பேசப்படும் சரத்தின் பெயர் பி.பி.சி.-157. லண்டன் வானொலி நிலையத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! 'உடற்காப்புப் பொருள்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 15 மணிகள் கொண்டது. இரைப்பை நீரிலே உள்ள ஒரு பொருளின் துண்டு என்று இதை அறிவித்தவர்கள் குரோவேஷியா நாட்டு ஜாக்ரெப் நகரத்து ஆய்வாளர்கள். பிரெட்ராக் சிகிரிச் என்பார் தலைமையிலே 1990-களின் தொடக்கத்திலிருந்து ஆய்ந்து வருகிறார்கள். எலியின் குதிகால் நரம்பை அறுத்து இதைக் கொடுத்தனர். விரைவில் ஆறிற்று என்றனர். எலியின் குடலிலே புண் உண்டாக்கிக் கொடுத்தனர், ஆறிற்று என்றனர். தசை, எலும்பு, ஈரல் என்று எதை எடுத்தாலும் நன்மை என்றனர். இருக்கட்டும். ஆய்வாளர் மீது நமக்குக் கோபம் ஏதும் இல்லை. எலியிலே தொடங்கித்தான் மருந்து மனிதனிடம் வர வேண்டும்.

வந்ததா என்பதே கேள்வி!

முப்பதாண்டுகள் ஓடிவிட்டன. 2015-ல், உடல்நலம் உள்ள 42 பேரிடம் முதற்கட்டச் சோதனை என்று பதிவு செய்தார்கள். அதன் முடிவை ஏட்டிலே வெளியிட்டார்களில்லை. 2021-ல், முழங்காலிலே ஊசி போட்டுக்கொண்ட இருபதுக்கும் குறைவானவர்களைக் கூப்பிட்டு 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டு எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத கூட்டம் அதிலே இல்லை. 2025-ல் இரத்தக் குழாய் வழியே ஏற்றி ஆபத்து நேரவில்லை என்று ஒரு கட்டுரை; எத்தனை பேருக்கு ஏற்றினார்கள் தெரியுமா? இரண்டே பேருக்கு! எலிகளுக்குக் கிடைத்த மதிப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை போலும்.

சந்தைத் திடலிலே வித்தைக்காரனைப் பார்த்திருப்பீர்கள். கூடையிலே பாம்பு, கயிற்றிலே கீரி. 'இதோ சண்டை விடப் போகிறேன், யாரும் கையைக் கட்டக்கூடாது' என்பான். வட்டம் சேரும். பேச்சு வளரும். நடுவிலே தாயத்து வெளிவரும், தைலம் வெளிவரும், தட்டு வெளிவரும். கூட்டம் கலையும். கீரி கீரியாகவே இருக்கும், பாம்பு கூடையிலேயே இருக்கும். சண்டை நடந்ததே இல்லை! பெப்டைடு வியாபாரி எலியைக் காட்டுகிறான். மனிதச் சோதனை என்ற சண்டை வரும் வரும் என்கிறான். அதற்குள் குப்பி விற்றுத் தீர்ந்துவிடுகிறது. அவன் தாயத்தை விற்றான், இவன் 'விஞ்ஞானம்' என்று பெயரிட்டு விற்கிறான். தாயத்தாவது தோலுக்கு வெளியே தொங்கும்!

'எனக்குக் குணமாயிற்றே! எலியும் வேண்டாம், ஏடும் வேண்டாம், என் காலே சாட்சி' என்கிறார் ஒரு நண்பர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கால் சொல்லும் சாட்சியத்தை எடை போடுவது எப்படி? இதற்கு விடை, உண்மையான குடல் மருந்து ஒன்றின் கதையிலேயே இருக்கிறது.

நோயினாலோ அறுவையினாலோ குடலின் பெரும்பகுதியை இழந்தவர்கள் உண்டு. உண்பது உடலிலே ஒட்டாது. இரவெல்லாம் இரத்தக் குழாய் வழியே உணவு ஏற்றிக்கொண்டு வாழ வேண்டும். கனடாவின் டொராண்டோவிலே டேனியல் டிரக்கர் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும், 1996-ல், நம் குடலிலேயே சுரக்கும் 33 மணிச் சரம் ஒன்று சுண்டெலியின் குடலை வளரச் செய்வதைக் கண்டனர். இயற்கைச் சரம் உடலிலே சில நிமிடங்களில் வெட்டுண்டுபோகும். இரண்டாவது மணியை மட்டும் மாற்றிக் கோத்தனர், நிலைத்து நின்றது. டெடுக்ளூடைடு என்று பெயரிட்டனர்.

அத்துடன் குப்பியிலடைத்து விற்கப் புறப்பட்டுவிடவில்லை! 86 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தனர். 43 பேருக்கு மருந்து. 43 பேருக்கு மருந்து போலவே தோன்றும் வெறும் ஊசி. எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 24 வாரங்கள். குழாய் வழி ஏற்றும் அளவு ஐந்தில் ஒரு பங்காவது குறைந்து, குறைந்தது நிலைக்க வேண்டும். அதுதான் வெற்றி என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டனர். மருந்து பெற்றோரில் 27 பேர் தேறினர். வெறும் ஊசி பெற்றோரில்? 13 பேர்!

அந்த 13 பேரை எண்ணிப் பாருங்கள். குடல் அறுபட்டவர்கள், மருந்து ஒரு துளியும் உள்ளே செல்லாதவர்கள். அவர்களுள் ஒவ்வொருவரும் 'எனக்குக் குணமாயிற்று' என்று சத்தியம் செய்திருப்பார். செய்தால் தவறும் இல்லை, தேறியது உண்மைதானே! காலம் ஆற்றும், கவனிப்பு ஆற்றும், ஓய்வு ஆற்றும், நம்பிக்கையும் ஓரளவு கைகொடுக்கும். அந்த 13-ஐ 27-இலிருந்து கழித்துப் பார்த்த பிறகே மருந்தின் பங்கு தெரியும். நம் நண்பரின் காலுக்குக் கழித்துப் பார்க்க எதிர்க்கணக்கு எங்கே? ஊசி போட்ட ஆறு வாரமும் அவர் ஓடாமல் இருந்தாரே, அது எந்தக் கணக்கு?

இன்னொன்று. டெடுக்ளூடைடு குடலின் உயிரணுக்களை வளரச் செய்கிறது. வளர்ச்சியைத் தூண்டுவது வேண்டாத வளர்ச்சியையும் தூண்டிவிடலாம் அல்லவா? ஆகவே மருந்தைத் தொடங்குமுன் பெருங்குடலுக்குள் குழாய்க் கருவி விட்டு, கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும் என விதி வகுத்தார்கள். பி.பி.சி.-157 புது இரத்தக் குழாய்கள் முளைக்கத் துணை செய்கிறது என்பதைத்தான் அதன் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். காயத்துக்குப் புது இரத்தக் குழாய் நல்லது. ஆனால் ஒளிந்திருக்கும் புற்றுக் கட்டியும் புது இரத்தக் குழாயைத்தானே தேடுகிறது! ஆபத்து உண்டு என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. பார்த்தவர் யார் என்று கேட்கிறோம்.

மருந்து நல்லதாயினும் சரக்கு தூய்மையாயிருக்க வேண்டும் என்பதற்கு இன்சுலினின் முதல் நாளே சான்று. 1922 ஜனவரி 11, டொராண்டோ. லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவன் நீரிழிவால் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான். பாண்டிங்கும் பெஸ்டும் எடுத்த சாற்றை ஏற்றினர். சர்க்கரை சற்றே இறங்கிற்று. ஆனால் ஊசி குத்திய இடம் சீழ் வைத்துவிட்டது. நிறுத்தினர். காலிப் என்ற வேதியியலார் இரவு பகலாகச் சாற்றைச் சுத்தம் செய்தார். 23-ஆம் தேதி மறுபடி ஏற்றினர். சிறுவன் பிழைத்தான், மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான். மேதைகள் கையிலேயே, மருத்துவமனைக் கட்டிலிலேயே, உண்மையான இன்சுலினே அழுக்கோடு சென்றால் சீழ் வைத்தது. எந்த ஊரிலே செய்தார்கள், எவர் பரிசோதித்தார் என்று முகவரி அற்ற குப்பித் தூளை நம் பிள்ளைகள் சமையலறை மேசையிலே கரைக்கிறார்கள்! அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-ல், மருந்துக் கடைகள் தாமே கலந்து தரக்கூடாத ஆபத்துப் பட்டியலிலே பி.பி.சி.-157-ஐச் சேர்த்தபோது சொன்ன காரணங்களுள் இந்த அழுக்கும் ஒன்று. விளையாட்டு வீரர்களுக்கோ 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்தே அது தடை செய்யப்பட்ட பொருள்.

ஊசிக்கு அஞ்சுவோருக்கு மாத்திரையும் விற்கிறார்கள். இன்சுலினை ஏன் விழுங்குவதில்லை? வயிறு அதைக் கறியும் பருப்பும் போல எண்ணிச் செரித்துவிடும்! விழுங்கக்கூடிய பெப்டைடு செய்ய வல்லுநர்கள் படாத பாடு பட்டனர். குடலுக்கு உள்ளேயே வேலை செய்யும் 14 மணி லினாக்ளோடைடு, மலச்சிக்கலோடு கூடிய குடல் உபாதைக்கு 2012-ல் அனுமதி பெற்றது. சோதித்த பின்னரே பெற்றது. மற்றபடி 'வயிற்றமிலத்தைத் தாங்கும்' என்று டப்பாவில் அச்சிடுவதற்குச் செலவு மிகக் குறைவு.

இனி, எதிர்த்தரப்பார் கூறும் ஒரு வாதத்தை நாம் மதித்தே பேசவேண்டும். 'பெரிய மருந்துக் கம்பெனிகள் இதைச் சோதிக்கமாட்டா. கொள்ளை லாபம் இல்லாத சரக்கிலே அவை காசு போடா. எத்தனை ஆண்டு நோயாளி காத்திருப்பது?' என்கிறார்கள். உண்மை! டெடுக்ளூடைடு விற்பனைக்கு வந்தபோதே ஓராண்டு மருந்துக்கு விலை இரண்டு லட்சம் டாலருக்கு மேல். இன்சுலினைக் கண்டவர்கள் 1923-ல் தலைக்கு ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். அந்த உள்ளம் எங்கே, இந்த விலை எங்கே! ஒரு பக்கம் சோதித்த மருந்து ஏழைக்கு எட்டாது; மறுபக்கம் எட்டும் மருந்தைச் சோதிப்பார் இல்லை. அந்த இடைவெளியிலேதான் குப்பி வியாபாரி கடை விரிக்கிறான்.

அதற்குப் பரிகாரம் சோதனையே வேண்டாம் என்பதா? கம்பெனி செய்யாததை சர்க்கார் செய்யட்டும்! முடியாத காரியமா? 2020 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்திலே, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளிலே, பொதுப் பணத்திலே ஒரு சோதனை தொடங்கினார்கள். டெக்ஸாமெதசோன் என்ற மிகப் பழைய, மிக மலிவான மருந்தை 2,104 பேருக்குக் கொடுத்து, கொடுக்காத 4,321 பேரோடு ஒப்பிட்டனர். மூச்சுக் கருவியிலே கிடந்தோரிடை மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஜூன் மாதமே முடிவு வெளிவந்துவிட்டது! பெரிய தலைவர்களெல்லாம் புகழ்ந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பயன் தரவில்லை என்பதும் அதே சோதனையிலே அம்பலமாயிற்று. எலிக்கு ஆறிய குதிகால் மனிதனுக்கும் ஆறுமா என்பதையும் அப்படிப் பார்த்துவிடலாமே. ஆறினால் மகிழ்ச்சி, மலிவாக எல்லோருக்கும் கொடுங்கள். ஆறாவிட்டால், கடையை மூடச் சொல்லுங்கள்.

முறையான சோதனைக்கு உட்படுகிறவனுக்கு உரிமைகள் உண்டு. தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் தரவேண்டும் என்று நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. குப்பி வாங்கிக் குத்திக்கொள்பவனும் சோதனைக்குத்தான் உட்படுகிறான். ஆனால் தன் காசைக் கொடுத்து உட்படுகிறான். தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பு. நன்மை நேர்ந்தாலும் எந்த ஏட்டிலும் பதிவாகாது.

'என் உடல், என் இஷ்டம்' என்போரும் உளர். இஷ்டம் என்பது வேலைக்காரனுக்கு எவ்வளவு தூரம் உண்டு? எஸ்ஸெண்டன் ஆட்டக்காரர் தாளிலே கையெழுத்திட்டது இஷ்டப்பட்டா? போடமாட்டேன் என்றால் அடுத்த வாரம் ஆடும் பட்டியலிலே பெயர் இருக்குமா என்ற அச்சம் அந்தப் பேனாவைப் பிடித்திருக்காதா? காயம் பட்டவன் சீக்கிரம் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் அவன் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறான். மூட்டை தூக்குகிறவருக்கும் அதே கதைதான்.

ஆஸ்திரேலியச் சட்டம் இதை உணர்ந்தது என்பதுதான் நாம் குறித்து வைக்கவேண்டிய செய்தி. ஆட்டக்காரருக்குத் தண்டனை விழுந்த அதே 2016 ஜனவரி மாத இறுதியிலே, மெல்போர்ன் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலே வேறொரு வழக்கு முடிவுற்றது. தொடுத்தது தொழிலாளர் பாதுகாப்புத் துறை. குற்றச்சாட்டு: பணியாளருக்குப் பாதுகாப்பான வேலையிடம் அமைத்துத் தரத் தவறியது. தொழிற்சாலைப் பட்டறையிலே கை துண்டானால் முதலாளி மீது பாயும் சட்டம்! கிளப் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டிற்று. ஆனால் எந்த ஆட்டக்காரனுக்கு, எந்த நாளில், எந்த மருந்து, எவ்வளவு ஏற்றப்பட்டது என்ற முழுக் கணக்கு எழுதப்பட்ட ஏடு கிளப்பிடம் இல்லை. கேட்ட ஆட்டக்காரர்களுக்கு அதை எடுத்துக் காட்ட இயலவில்லை.